வாட்ஸ்அப் குழுவின் எண்களைக் காவலர் கேட்டால்: சாட்ஸ்வொர்த் வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்காரர்கள் 180 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். 2021 ஜூலைக் கலவரத்தின்போது இரவுக் காவலுக்காகத் தொடங்கிய குழு அது. இப்போது தண்ணீர் நிறுத்தம், குப்பை வண்டி, கோயில் அன்னதானம் எல்லாமே அதில்தான் வருகின்றன. சென்ற மாதம் பல நாள் தண்ணீர் வராதபோது ஒரு தம்பி கோபத்தில், 'ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய் ரோட்டை மறிப்போம், கவுன்சிலர் வீட்டு வாசலில் உட்காருவோம்' என்று வாய்ஸ் நோட் போட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து, காவல் நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், குழுவில் உள்ள அத்தனை பேருடைய எண்களையும் அனுப்பும்படியும், என் போனைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படியும் கேட்டார். 'நாம் என்ன தப்பு செய்தோம், மறைக்க என்ன இருக்கிறது, கொடுத்துவிடு' என்கிறார் கணவர். 'குழுவையே அழித்துவிடுங்கள்' என்கிறான் மகன். நாம் பேசுவதையெல்லாம் அரசாங்கம் ஒட்டுக்கேட்கிறது என்று தெருவில் ஒரே பயம். நான் என்ன செய்ய வேண்டும்? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள அம்மா,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். எண்களை அனுப்பாதீர்கள், போனையும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், குழுவில் எதையும் அழிக்கவும் செய்யாதீர்கள். இந்த மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டு, காரணங்களைப் பொறுமையாகப் படியுங்கள்.

உங்களைத் தொலைபேசியில் அழைத்தவர் உண்மையிலேயே காவலர்தானா என்பது இன்னும் உறுதியாகவில்லை. காவலர் என்றும் வங்கி அதிகாரி என்றும் சொல்லிக்கொண்டு எண்களைக் கறப்பவர்கள் டர்பனில் குறைவில்லை. 180 பேருடைய பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியல் அப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய கொள்ளைப் பொருள். எனவே மறுபடி அழைப்பு வந்தால் பெயர், பதவி, எந்த நிலையம், வழக்குப் பதிவு எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவர் கொடுத்த எண்ணுக்கு அழைக்காமல், அந்த நிலையத்தின் பொது எண்ணை நீங்களே தேடி அழைத்து விசாரியுங்கள். உண்மையான அதிகாரி இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவர் உண்மையான காவலர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தொலைபேசியில் வாய்மொழியாகச் சொன்ன கோரிக்கைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டும் என்று தென்னாப்பிரிக்கச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒருவருடைய உடலோ வீடோ சோதனையிடப்படாமலும், உடைமை பறிக்கப்படாமலும், தகவல்தொடர்பின் அந்தரங்கம் மீறப்படாமலும் இருக்கும் உரிமையை அனைவருக்கும் கொடுத்திருக்கிறது. அந்த உரிமைக்கு வரம்பு இல்லாமலில்லை. குற்றத்தைத் துப்புத் துலக்க வேண்டிய இடத்தில் அரசு உள்ளே வரலாம். ஆனால் வருவதற்கு ஒரு வழி வகுக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக மாஜிஸ்திரேட்டோ நீதிபதியோ காரணங்களைப் பார்த்துக் கையெழுத்திட்ட சோதனை ஆணை வேண்டும். ஆணை இல்லாமலும் சோதனையிடலாம் என்று சட்டம் அனுமதிக்கும் சூழ்நிலைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஆணை பெறப் போகும் நேரத்துக்குள் சான்று கைநழுவிவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பது. மற்றது, உரியவர் தாமே சம்மதிப்பது.

உங்கள் வழக்கில் அந்த இரண்டாவது சூழ்நிலைதான் நான் கவலைப்படுவது. நீங்கள் போனைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்த அந்த நொடியே அது சம்மதமாகக் கொள்ளப்படலாம். அதன் பிறகு, எதற்காக, எந்தத் தேதிக்குரிய செய்தி, எவ்வளவு மட்டும் என்று எந்த மாஜிஸ்திரேட்டும் கேட்கப்போவதில்லை. வாய்ஸ் நோட் போட்டவர் ஒரு தம்பி. ஆனால் அந்தப் போனில் இருப்பவை மற்ற அத்தனை பேருடைய பேச்சும், உங்கள் குடும்பப் படங்களும், உங்கள் மருத்துவருக்கு நீங்கள் அனுப்பிய செய்திகளும். ஆணை எழுதும் மாஜிஸ்திரேட் 'இந்தத் தேதியில் வந்த இந்தச் செய்தி' என்று எல்லை குறிக்கலாம். சம்மதத்துக்கு எல்லை குறிக்க யாரும் இல்லை. கையில் ஆணையோடு வீட்டுக்கு வந்தால் தடுக்காதீர்கள், வாக்குவாதம் செய்யாதீர்கள். ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் எந்தப் பொருள் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று படித்துவிட்டு, எடுத்துச் செல்லும் ஒவ்வொன்றுக்கும் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

மகன் சொன்ன யோசனை பாசத்தால் வந்தது, ஆனால் ஆபத்தானது. விசாரணை நடப்பதாக உங்களுக்குச் சொல்லப்பட்ட பிறகு செய்திகளை அழிப்பது, நீதியின் போக்கைத் தடுத்த குற்றமாகவே பார்க்கப்படலாம். ஒன்றுமில்லாத விஷயத்தில் நீங்களே போய் ஒரு குற்றச்சாட்டை வாங்கிக்கொள்வது போலாகும். அழித்தாலும் பயன் இராது. மீதிப் பேர் கைகளில் அதே வாய்ஸ் நோட் இருக்கிறது, அவர்களில் யாரேனும் ஏற்கெனவே அதை வெளியே அனுப்பியும் இருக்கலாம். உரையாடலில் பங்குகொண்டவர் அதைத் தம் விருப்பப்படி காட்டினால் சட்டம் தடுக்காது. செய்தியைப் பூட்டி அனுப்பும் வாட்ஸ்அப்பின் குறியாக்கம் வழியில் இருப்பவரிடமிருந்துதான் காக்கும். குழுவுக்குள்ளேயே இருப்பவரிடமிருந்து காக்காது. இத்தனை பேர் கேட்கும் இடத்தில் பேசியது தெருமுனையில் பேசியதற்குச் சமம் என்று குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

அந்த வாய்ஸ் நோட் குற்றமா என்று பலர் பயப்படுவீர்கள். 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் குற்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சொத்தைச் சேதப்படுத்தவோ மனிதரைத் தாக்கவோ தூண்டும் செய்தியை அனுப்புவதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கலாம். 'வாசலில் உட்காருவோம்' என்பது அந்த வரையறைக்குள் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. 'ரோட்டை மறிப்போம்' என்பது வேறு சில விதிகளை உரசக்கூடிய பேச்சு; அதைத் திரும்பச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தருகிறது. 15 பேருக்கு மேல் பொது இடத்தில் கூடினால் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டுக் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. முன்னறிவிப்புக் கொடுக்காததற்காகவே கூட்டத்தைக் கூட்டியவரைக் குற்றவாளி ஆக்கிய பகுதியை அரசமைப்பு நீதிமன்றம் 2018 நவம்பரில் செல்லாது என்று நீக்கிவிட்டது. எனவே தண்ணீருக்காக நகராட்சி அலுவலகம் முன் கூட விரும்பினால், முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத் தைரியமாகக் கூடுங்கள்.

அட்மின் என்ற முறையில் உங்களுக்குப் பொறுப்பு இல்லாமல் இல்லை. பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் 2013-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஃபேஸ்புக்கில் ஒருவர் இட்ட அவதூறில் தம் பெயர் கோக்கப்பட்டிருப்பதை அறிந்தும் விலகிக்கொள்ளாத இன்னொருவரும் பொறுப்பாளி ஆனார். இழப்பீடு 40,000 ராண்ட். அது வாட்ஸ்அப் அட்மினைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஆனாலும் தெரிந்தே பேசாமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த வாய்ஸ் நோட்டின் கீழே, 'சாலை மறியலுக்கோ யாரையும் மிரட்டுவதற்கோ இந்தக் குழு இடம் தராது, நம் குறையை முறைப்படி கொண்டுபோவோம்' என்று இன்றே எழுதிவிடுங்கள்.

இனி, அரசாங்கம் எல்லாவற்றையும் கேட்கிறதா என்ற பயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தெருவில் பயப்படுவது ஒன்று, உண்மையில் நடப்பது வேறொன்று.

ஒருவருடைய பேச்சை நிகழும்போதே ஒட்டுக்கேட்பதற்கு, 'ரீக்கா' என்று நாம் அழைக்கும் 2002-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டத்தின்படி, இதற்கென்று நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதியிடம் உத்தரவு பெற வேண்டும். கடுமையான குற்றம், நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்கள் காட்டப்பட வேண்டும். ஒரு தெருவின் தண்ணீர்க் கோபத்துக்கு அது எளிதில் கிடைத்துவிடாது என்பது என் மதிப்பீடு. ஆனால் இந்த முறை எப்போதும் ஒழுங்காக நடந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2010-இல் சண்டே டைம்ஸ் வார இதழின் இரண்டு செய்தியாளர்களுடைய எண்களைக் காவல்துறை உளவுப் பிரிவினர் பொய்ப் பெயர்களில் எழுதிக் கொடுத்து நீதிபதியிடம் உத்தரவு வாங்கினார்கள். ஒரு தரப்பு மட்டுமே பேசும் மூடிய அறையில் நீதிபதிக்கு உண்மை தெரிய வழியில்லாமல் போயிற்று.

அமாபுங்கானே என்ற புலனாய்வு இதழியல் மையத்தைச் சேர்ந்த சாம் சோல் பட்டது அதைவிட நீண்ட பாடு. 2008-இல் தம் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படுவதாக அவருக்குச் சந்தேகம் வந்தது. மறு ஆண்டு உளவுத்துறைத் தலைமை ஆய்வாளரிடம் முறையிட்டார். தவறு எதுவும் நடக்கவில்லை என்ற பதில்தான் கிடைத்தது. ஒட்டுக்கேட்டார்களா இல்லையா என்பதையே சொல்லவில்லை. 2015-இல், அவர் சம்பந்தப்படாத வேறொரு வழக்கின் ஆவணங்களில், ஓர் அரசு வழக்குரைஞருடன் அவர் பேசிய பேச்சு எழுத்து வடிவில் இணைக்கப்பட்டிருந்தது. அப்படித்தான் அவருக்கு உண்மை தெரிய வந்தது. அங்கிருந்து தொடங்கிய வழக்கில் 2021 பிப்ரவரி 4-ஆம் தேதி அரசமைப்பு நீதிமன்றம் ரீக்கா சட்டத்தைப் பல காரணங்களால் அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. ஒட்டுக்கேட்பு முடிந்த பிறகும் உரியவருக்கு ஒருபோதும் சொல்லாமல் இருப்பது, உத்தரவிடும் நீதிபதியின் சுதந்திரத்துக்குப் போதிய உறுதி இல்லாதது, ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுக்கும் முறையின் குறையை ஈடுசெய்ய ஏற்பாடு இல்லாதது, சேர்த்த பதிவுகளை எப்படிக் காப்பது, எப்போது அழிப்பது என்று விதி இல்லாதது, வழக்கறிஞரும் செய்தியாளரும் இலக்காகும்போது கூடுதல் பாதுகாப்பு இல்லாதது ஆகியவை அந்தக் காரணங்கள். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 36 மாத அவகாசம் கொடுத்தது. அந்த இடைக்காலத்தில் உத்தரவு முடிந்து 90 நாளுக்குள் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஒரு குடிமகன் தம்மீது நடந்த மறைமுகச் செயலைத் தற்செயலாக அறிந்து, பல ஆண்டுகள் விடாமல் நின்று, நாட்டின் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என்று அறிவிக்க வைத்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டும்.

அதே தீர்ப்பு, தேசியத் தகவல்தொடர்பு மையம் என்ற அரசு அமைப்பு நாட்டின் எல்லையைக் கடக்கும் தகவல்களை மொத்தமாக வலைவீசிப் பிடித்து வந்ததையும் சட்ட ஆதாரமற்றது என்று கண்டித்தது. நீங்கள் சென்னையில் இருக்கும் உறவினரை அழைக்கும் அழைப்பும் எல்லை கடப்பதுதான். டர்பனுக்கு வடக்கே ம்டுன்சினியில் கரையேறும் கடலடிக் கேபிள்கள் வழியே இந்நாட்டின் இணையப் போக்குவரத்தில் ஒரு பங்கு செல்கிறது. அத்தகைய மொத்தக் கண்காணிப்புக்குச் சட்ட வடிவம் தரும் உளவுத்துறைத் திருத்தச் சட்டத்தில் 2025 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அதை நாம் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அம்மா, சாதாரண மக்களை அதிகம் தொடுவது இவற்றில் எதுவுமல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு. அதன்படி அரசு வழக்குரைஞரின் கோரிக்கையின் பேரில் ஒரு சாதாரண மாஜிஸ்திரேட்டே அழைப்பாணை அனுப்பி, தொலைபேசி நிறுவனத்திடமிருந்து உங்கள் அழைப்புப் பதிவேட்டை வாங்கிக்கொடுக்கலாம். ஓய்வுபெற்ற அந்த ஒற்றை நீதிபதியிடம் போகவே வேண்டியதில்லை. ஆண்டுக்கு 70,000 எண்களுக்குக் குறையாமல் இந்த வழியில் பதிவேடுகள் கேட்கப்படுகின்றன என்று 'ரைட் டு நோ' இயக்கம் 2017-இல், தொலைபேசி நிறுவனங்களிடமே கேட்டுப் பெற்ற விவரங்களை வைத்து அறிவித்தது.

அந்தப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வலிமை தெரியும். பக்கம் முழுவதும் கட்டங்கள்: அழைத்த எண், பெற்ற எண், தேதி, தொடங்கிய மணி நிமிடம் நொடி, எத்தனை நொடி நீடித்தது, எந்தச் செல்போன் கோபுரம் வழியாகச் சென்றது, கருவியின் அடையாள எண். பேசிய ஒரு சொல்கூட அதில் இராது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குக் கோயில் அருகேயுள்ள செல்போன் கோபுரம், இரவு ஒன்றே முக்காலுக்கு மருத்துவமனைக்கு நாற்பது நொடி அழைப்பு, மறுநாள் காலை சகோதரிக்கு ஒரு மணி நேரப் பேச்சு, அடுத்து ஈமச்சடங்கு நடத்துபவருக்கு அழைப்பு என்று வரிசையாகப் பார்த்தால், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லாமலே தெரிந்துவிடும். நிறுவனங்கள் இந்தப் பதிவுகளை மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும் என்பது ரீக்காவின் விதி. 2009 ஜூலையிலிருந்து ஒவ்வொரு சிம் கார்டும் அடையாள எண்ணோடும் முகவரியோடும் பதிவு செய்யப்பட்டு வருவதால், எண் தெரிந்தால் ஆளும் தெரியும். நீங்கள் கொடுக்கும் 180 எண்கள் ஏன் வெறும் எண்கள் அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது உங்கள் கணவருக்கு ஒரு சொல். 'மறைக்க ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வது நேர்மையான மனிதரின் பேச்சு, நான் அதை மதிக்கிறேன். ஆனாலும் நம் முன்னோர் இந்த மண்ணில் எதற்காகச் சிறை சென்றார்கள் என்பதை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். 1907-இல் அப்போதைய டிரான்ஸ்வால் காலனியில் ஆசிய ஆண்கள் பத்து விரல் ரேகையும் பதித்துச் சான்றிதழ் பெற வேண்டும், காவலர் கேட்ட இடத்தில் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதை எதிர்த்த தம்பி நாயுடுவும் அவருடன் நின்ற காய்கறி வியாபாரிகளும் கடைக்காரர்களும் எதை மறைத்தார்கள்? 1908 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஜோஹானஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் முன்பு சான்றிதழ்களைத் தீயிலிட்டவர்கள் குற்றவாளிகள் அல்லர். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி இறந்த தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதுச் சிறுமி. குற்றம் செய்தவர் என்று சந்தேகிக்கப்படாத ஒருவரை, ஓர் இனத்தவர் என்பதற்காக மட்டும் பதிவேட்டில் அடைக்கக் கூடாது என்பதே அவர்கள் கேட்டது. பிறகு வந்த நிறவெறி ஆட்சியில் பாதுகாப்புப் பிரிவினர் யாருடைய தொலைபேசியைக் கேட்டார்கள், யாருடைய கடிதத்தைப் பிரித்தார்கள் என்பது உங்கள் கணவருடைய வயதினருக்குத் தெரியும். அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்டது. மேலும், மறைக்க ஒன்றுமில்லை என்று அவர் தமக்காகச் சொல்லிக்கொள்ளலாம். மற்றவர்களுக்காகச் சொல்ல அவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. அந்தக் குழுவில் கணவனிடமிருந்து தப்பி வந்து புது எண் வாங்கிய பெண் ஒருத்தி இருக்கலாம், கடன்காரருக்குத் தெரியாமல் இருப்பவர் இருக்கலாம். தெருக்காவலுக்காக அவர்கள் உங்களிடம் கொடுத்த எண் அது.

காவல்துறையைப் பகைக்கச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 ஜூலையில் கடைகள் எரிந்துகொண்டிருந்த இரவுகளில் காவலர் வரமாட்டாரா என்று ஏங்கியவர்கள் நாம். பொய் வாய்ஸ் நோட்டுகள் எவ்வளவு வேகமாகப் பரவி, டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் அச்சத்தை எப்படி மூட்டின என்பதையும் அருகிலிருந்து பார்த்தவர்கள். இணையத்தில் தூண்டிவிடப்படும் வன்முறையை அரசு விசாரிக்க வேண்டும். விசாரிக்காவிட்டால் நானே குறை சொல்வேன். மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தோடு வாருங்கள் என்று கேட்பது அந்த விசாரணைக்குத் தடை ஆகாது. அந்தக் கையெழுத்து இருந்தால்தான் பின்னால் நீதிமன்றத்தில் அவர்களுடைய சான்றும் கேள்விக்கு இடமின்றி நிற்கும்.

எனவே அடுத்த முறை அவர் அழைத்தால் இவ்வளவு சொன்னால் போதும்: 'ஐயா, ஒத்துழைக்க மறுக்கவில்லை. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், ஆணையோ அழைப்பாணையோ இருந்தால் காட்டுங்கள், என் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்கிறேன்.' குரலை உயர்த்த வேண்டாம். போனின் கடவுச்சொல்லைக் கேட்டால் வழக்கறிஞர் வரும்வரை சொல்ல வேண்டாம். அந்த அழைப்பை நீங்கள் பதிவு செய்துகொள்ளலாம். உரையாடலில் பங்குகொள்பவர் தம் உரையாடலைப் பதிவு செய்வதை ரீக்கா அனுமதிக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் டர்பன் அலுவலகத்தை அணுகுங்கள். மிரட்டினாலோ, ஆணையின்றிப் பறித்தாலோ, காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கும் ஐப்பிட் என்ற சுயேச்சையான இயக்ககத்துக்கு எழுதலாம். எண்களைத் தவறாகப் பயன்படுத்தினால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதலாம்.

போனில் 'இணைக்கப்பட்ட கருவிகள்' என்ற பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி எதுவும் இணைந்திருக்கிறதா என்று இன்றிரவே பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பின் மேகச் சேமிப்பு நகலுக்கு (கிளவுட் பேக்கப்) குறியாக்கத்தை நாமே அமைப்பில் போய் இயக்க வேண்டும். மகனிடம் சொன்னால் செய்து கொடுப்பான்.

205-ஆம் பிரிவின்கீழ் உங்கள் பெயருக்கே அழைப்பாணை வந்தால் நிலைமை மாறுகிறது. அதை அலட்சியம் செய்தாலோ, தகுந்த காரணமின்றிப் பதில் சொல்ல மறுத்தாலோ சிறைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களுடன் வழக்கறிஞர் வர உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்கப்படும் தகவல் அந்த ஒரு வாய்ஸ் நோட்டைப் பற்றியது மட்டும்தானா, முழுப் பட்டியலும் எதற்கு என்று வாதிடவும் அங்கே இடம் உண்டு. ஆகவே அப்படி ஏதும் கைக்கு வந்தால், அதில் குறித்த தேதியைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே யாரேனும் ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.